நிலாவுக்கும் சேர்த்து ஒரு தீர்மானம்

மைசூரு
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பிரதிபா எழுதிக்கொள்வது. நானும் என் தும்மலும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை டெம்போவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோகிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள், "போன்ல நீ கத்தறே, நான் வெச்சர்றேன். எதா இருந்தாலும் எழுதி அனுப்பு. எழுத்துன்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகோணும்" என்று. எழுதிவிட்டேன். என் தமிழில் கன்னட வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் எழுதச் சொல்லிக்கொடுத்தது நீங்கள், பிழையில் பாதி உங்களுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி நிலாவுக்கு அனுப்பப்போகிற வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆறு சக்கரம், ஓர் ஆட்டுக்கிடா உயரம். நிலாவின் தென்கோடியில் வெயிலே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறதாம். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தேடுகிற வண்டி இது. பனிக்கட்டி கிடைத்தால் பிற்காலத்தில் அங்கே தங்குகிறவர்களுக்குக் குடிநீர் ஆகும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் ஆகும். எங்கள் வண்டி பார்க்கத்தான் போகிறது, தோண்ட அல்ல.

அதை ஓட்டிப் பார்க்க இங்கே ஷெட்டில் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பால்வாடிப் பிள்ளைகள் விளையாடத்தான் அது லாயக்கு. செங்குத்துச் சரிவு, கல்லு, பொடி, நிழல் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றதும் எனக்கு நம் ஆட்டுக்கரட்டுக் குன்றில் இருக்கிற பழைய குவாரிக்குழிதான் ஞாபகம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மல்லம்மாவிடம் பேசினேன். "நிர்மலா சரின்னா எனக்கும் சரி" என்றுவிட்டார். அந்தக் குவாரியை மூட வைத்தது நீங்கள். அங்கே வண்டி விடக் கேட்பது நான். திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டி எழுதுங்கள்.

அன்புடன் உங்கள் நாத்தனார்
பிரதிபா

*

ராமாபுரம்
27 ஆகஸ்ட் 2024

அம்மிணி பிரதிபாவுக்கு,

அண்ணி எழுதுவது. முழங்கால் மழை வந்தால் அழுகிறது, வெயில் வந்தால் சிரிக்கிறது. உங்க அண்ணன் மாத்திரை போடுகிறார், கூடவே ஜிலேபியும் போடுகிறார். மக்காச்சோளம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பன்றி வராமல் இருந்தால் சரி.

திட்டவில்லை. உன் வண்டி வரட்டும். ஆனால் ஒரே ஒரு கட்டளை. ஆட்டுக்கரட்டில் எங்கேயும் முளை அடிக்கக் கூடாது. குச்சி, கம்பி, கொடிக்கம்பம், எதுவும் நிலத்துக்குள் இறங்கக் கூடாது. மாதப்பா சாமி திருவிழாப் பந்தலுக்கே கயிற்றைக் கல் மூட்டையில்தான் கட்டுகிறோம் என்று உனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அப்போது நீ மைசூரில் பாட்டி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய்.

நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருஷம், நாலு பேர் டேப்பும் முளைக்குச்சியுமாகக் கரட்டுக்கு வந்தார்கள். "சும்மா அளந்து பாக்கறோம்மா" என்றார்கள். வெயிலில் வாடிப்போய் நின்றார்கள் என்று நானே சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு விட்டேனா? நல்ல உறுதியான முளையாக இருக்கிறதே என்று என் வெள்ளாட்டை அதில் கட்டிவிட்டு வந்தேன். ஊரே கட்டியது. அடுத்த வருஷம் முளை கல்லாச்சு, கல்லு வேலியாச்சு, வேலிக்குள்ளே கரடு போச்சு. வெடி வைத்து வைத்து நம் கிணறு வற்றியது. அப்புறம் அந்தக் கரட்டை மீட்க லாரிக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும்.

அன்றைக்கு முளை அடித்தபோதே பிடுங்கியிருந்தால் ஒரு கை வேலை. இப்போது ஊரில் சட்டம் ஒன்றுதான்: கரட்டில் முளை அடித்தால் பார்த்தவர் பிடுங்கலாம், பிடுங்கியவருக்கே அது சொந்தம், திருப்பித் தருவது கிடையாது. உங்க முதலாளியிடம் இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வா.

தும்மலுக்குத் தூதுவளை ரசம் வை.

உன் அண்ணி
நிர்மலா

*

மைசூரு
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

தூதுவளை கிடைக்கவில்லை, மிளகு ரசத்தில் தும்மல் போய்விட்டது. உங்கள் கால் இப்போது அழுகிறதா, சிரிக்கிறதா?

எங்கள் கம்பெனித் தலைவர் சுதர்ஷனிடம் முளை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "ஆய்து, ஆய்து", சரி சரி என்று தலையாட்டினார். தீபாவளி முடிந்ததும் வருகிறோம். வண்டியைப் பார்க்க ஊரையே கூப்பிடுங்கள். சக்கரம் முழுக்க என் பொறுப்பு. ரப்பர் கிடையாது, அந்தக் குளிருக்குத் தாங்காது. தகட்டில் பல் வைத்துச் செய்திருக்கிறோம். பொடியில் புதைந்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரும். அது முதல்தடவை தானாக வெளியே வந்தபோது நான் ஷெட்டில் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

வண்டியில் இன்னும் சில கருவிகள் இருக்கின்றன. அதெல்லாம் உங்களுக்கு போரடிக்கும்.

தசராவுக்கு இங்கே வாருங்கள் என்றால் வரமாட்டீர்கள். கூட்டத்தில் உங்களைத் தொலைத்துவிடுவேன் என்று அண்ணன் பயப்படுகிறார் போல. உங்களிடம் மாட்டப்போகிற கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

அன்புடன்
பிரதிபா

*

ராமாபுரம்
6 நவம்பர் 2024

பிரதிபாவுக்கு,

வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ கீழே கம்ப்யூட்டர் பக்கம் நின்று பார்த்தாய். மேலே எங்களோடு நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதுகிறேன்.

காலையில் உன் வண்டி குழிக்குள் இறங்கியபோது ஊரே கைதட்டியது. என்ன வேகமடி அது! என் எருமை சாணி போட்டுக்கொண்டே அதைவிட வேகமாகப் போகும். இருந்தாலும் கல் மேட்டில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அது வெளியே வந்தபோது கிழவர்கள் எல்லாம் சாமியைக் கூப்பிடுகிற மாதிரி "உகே மாதப்பா!" என்று சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். என் நாத்தனார் செய்தது என்று பக்கத்து வீட்டுப் பூவாத்தாளிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

அப்புறம் வண்டி நின்றது. முன்னால் ஒரு கை நீண்டது. அந்தக் கை விரல் நீளத்துக்கு ஒரு முளையை எடுத்து நிறுத்தி, டக் டக் டக் என்று கரட்டில் அடித்து இறக்கியது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் பார்த்து உங்க சுதர்ஷன் மைக்கில் சொல்கிறார், "இந்தக் கையைச் செய்ததும் உங்கள் ஊர்ப் பெண் பிரதிபாதான்" என்று.

நான் உன்னைப் பார்த்தேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இறங்கி வந்தேன், பிடுங்கினேன், முந்தானையில் முடிந்துகொண்டேன். உங்கள் ஆட்கள் கத்தினார்கள். "இங்க முளை அடிக்கப்படாதுன்னு சொல்லியுட்டுத்தானே உள்ள விட்டோம்?" என்று நானும் கத்தினேன். இனி அந்த வண்டி எங்கள் குழிக்குள் இறங்காது.

போரடிக்கும் என்று எழுதினாயே, அதுதானா இது?

நிர்மலா

*

மைசூரு
14 நவம்பர் 2024

அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாக இல்லை. ஆபீசில் என் முகத்தில் யாரும் விழிப்பதில்லை.

ஆமாம், அந்தக் கை நான் செய்ததுதான். அதைச் செய்துதான் குழுவுக்குத் தலைவி ஆனேன். உங்களிடம் சொன்னால் இப்படித்தான் குதிப்பீர்கள் என்று சொல்லவில்லை. அன்றைக்குக் கரட்டில் அடிக்கமாட்டோம், கையை நீட்டி மட்டும் காட்டுவோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். முதலீடு போட்டவர்கள் வந்திருந்ததால் சுதர்ஷன் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார். அது தப்பு. அதற்காக நான் அவரோடு சண்டை போட்டாயிற்று.

ஆனால் முளை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று உலக ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து எடுத்த பொருளை எடுத்தவன் விற்கலாம் என்று சில நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. அப்புறம், ஒருவன் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவன் வந்து இடைஞ்சல் செய்யக் கூடாது என்றும் பேசுகிறார்கள். எனவே பனிக்கட்டி கிடைத்த இடத்தைச் சுற்றி எங்கள் முளை நின்றால், அங்கே வேலையை ஆரம்பித்தது நாங்கள்தான் என்று நாளைக்குப் பேசலாம். அவ்வளவுதான். நாங்கள் அடிக்காவிட்டால் வேறொருவன் அடிப்பான். அவன் நம் நாட்டுக்காரனாகக்கூட இருக்கமாட்டான்.

அங்கே என்ன இருக்கிறது அண்ணி? கிணறு இல்லை, ஆடு இல்லை, மோர் கொடுக்க ஒரு மருமகள் இல்லை. புல் பூண்டு கூட இல்லாத வெறும் கல்லும் தூசியும். யார் வயிற்றில் அடிக்கிறோம்? எல்லாவற்றையும் உங்கள் கரட்டோடு சேர்த்துப் பார்த்தால் எப்படி?

அந்த முளை சாதாரணக் கம்பி இல்லை. விசேஷ உலோகம், சோதனைக்கு மறுபடி வேண்டும். அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

பிரதிபா

*

ராமாபுரம்
3 டிசம்பர் 2024

அம்மிணி,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டேன்.

புல் பூண்டு இல்லை, யாருக்கும் பயன் இல்லை, வெறும் கல்லு என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், உங்க அண்ணன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். எங்கள் கரட்டைக் குவாரிக்குக் கொடுத்தபோது காகிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "தரிசு. கல்லாங்காடு. யாருடைய பயன்பாட்டிலும் இல்லை." அப்போது அங்கே ஊர் ஆடு முழுக்க மேய்ந்துகொண்டிருந்தது. எழுதினவன் ஆபீசில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு ஆடு தெரியவில்லை. நீயும் மைசூரில் உட்கார்ந்துகொண்டு நிலாவைத் தரிசு என்று எழுதுகிறாய். நல்ல வேலைதான் கற்றுக்கொண்டாய்!

அங்கே யாரும் இல்லையாம். இன்றைக்கு இல்லை. பிற்காலத்தில் தங்கப் போகிறவர்களுக்குக் குடிநீர் என்று நீதானே முதல் கடிதத்தில் எழுதினாய்? அவர்கள் தாகத்தோடு வந்து நிற்கும்போது உங்கள் முளை நிற்கும், அப்படித்தானே? தண்ணீர் இருக்கிற இடம் பார்த்து முளை அடிக்கிறவன் சும்மா அடிக்கமாட்டான். நான் கிணறு வற்றிப் பார்த்தவள். தண்ணீருக்கு மூன்று மைல் நடந்த காலுக்குத்தான் இப்போது முழங்கால் வலிக்கிறது.

நாம் அடிக்காவிட்டால் இன்னொருவன் அடிப்பான் என்கிறாய். அடிக்கட்டும். திருடன் எப்படியும் வருவான் என்று நாமே பூட்டை உடைப்போமா?

தேடு. பார். கண்டுபிடி. வண்டி தானாகக் குழியிலிருந்து மேலே வந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த வண்டி நிலாவில் ஓடுவதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் முளை அடிக்க என்றால் அது உன் வண்டி இல்லை, பழைய குவாரிக்காரனுடைய வண்டி.

முளையைத் தரமாட்டேன். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது, அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. துருவே பிடிக்காது போலிருக்கிறதே!

நிர்மலா

*

ராமாபுரம்
18 ஜனவரி 2025

அம்மிணி பிரதிபாவுக்கு,

நீ பதில் போடவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வேலை இருக்கும், புரிகிறது. உனக்கு எடுத்து வைத்த கரும்பை எருமை தின்றுவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

சோளம் நல்ல விலைக்குப் போனது. பூவாத்தாள் மகளுக்குப் பெண் குழந்தை. மல்லம்மா பஞ்சாயத்துக்குப் புது மேஜை வாங்கியிருக்கிறாள், அதன்மேல் யாரையும் கை வைக்க விடுவதில்லை. எனக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் அலைச்சல், மற்றபடி ஒன்றுமில்லை. உங்க அண்ணன் ஜிலேபியை விட்டுவிட்டார், இப்போது மைசூர்பாகு.

கோபம் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் வேறு, சோறு வேறு.

அண்ணி

*

ஹனூர்
20 ஜனவரி 2025

பிரதிபா கண்ணுக்கு,

அண்ணன் கவின்ராஜ் எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை, உனக்கே தெரியும். டெம்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணிக்குத் தெரியாது.

அவள் எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கம்பெனி அவள்மேல் போலீசில் புகார் கொடுத்திருக்கிறது. விலை உயர்ந்த பொருளைத் திருடினாள், வேலை செய்யவிடாமல் தடுத்தாள் என்று. டிசம்பரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் வருகிறோம். காலை மடக்கி பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருக்கிறாள். எஸ்.ஐ. தன்மையானவர்தான். "அந்தக் குச்சியைக் குடுத்துட்டு மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிருங்கம்மா, முடிச்சர்லாம்" என்கிறார். இவள், "கதவுத் தாழ்ப்பாளுங்க, குடுத்தா ராத்திரிக்கு நாய் வரும்" என்கிறாள்.

நான் கொடுத்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தேன். "அப்படிக் குடுத்தா பிரதிபா மூஞ்சியில எப்படி முழிக்கறது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் சரி.

நான் எழுதினதாகச் சொல்லாதே.

உன் அண்ணன்

*

மைசூரு
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், அவரைத் திட்டவும் செய்யாதீர்கள்.

அலைச்சலாம், மற்றபடி ஒன்றுமில்லையாம்! எருமை கரும்பு தின்றதை எழுதத் தெரிகிறது, இதை எழுதத் தெரியாதா? எனக்கு வந்த கோபத்தில் நேராகச் சுதர்ஷன் அறைக்குப் போனேன். "என் அண்ணிமேல் புகார் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "கம்பெனி சொத்து போனால் புகார் கொடுக்கத்தானே வேண்டும்? அதில் உன் அண்ணி, என் அண்ணி என்ன?" என்றார், அதுவும் காபியை உறிஞ்சிக்கொண்டே. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லாரிக்கு முன்னால் உட்காருகிற வீட்டிலிருந்து வந்தவள்தானே நானும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் உண்மை வெளியே வந்தது. நிலாவில் இறங்கும் கலம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. எங்கள் வண்டியை அவர்கள் ஏற்ற வேண்டுமானால், நிஜமான சரிவில் ஓட்டிய கடைசிச் சோதனையின் அறிக்கை வேண்டும். ஊர் கதவைச் சாத்தியதிலிருந்து இவர்களுக்கு வேறு குழி கிடைக்கவில்லை, நாள் நெருங்குகிறது. குழியைத் திறந்தால் புகாரை வாபஸ் வாங்குவாராம். அதற்குத்தான் அந்தப் புகாரே.

ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அண்ணி, டிசம்பரில் நீங்கள் எழுதியதற்கு நான் பதில் போடாதது கோபத்தால் இல்லை. பதில் கிடைக்கவில்லை. இப்போதும் என்னிடம் இல்லை. அதனால் ஒன்று சொல்கிறேன்: இறங்கிப் போகாதீர்கள். இப்போது தேவை அவர்களுக்குத்தான். என்ன நிபந்தனை வேண்டுமோ போடுங்கள், கூச்சப்படாமல் போடுங்கள்.

அன்புடன்
பிரதிபா

*

ராமாபுரம்
28 பிப்ரவரி 2025

அம்மிணி,

சிவராத்திரிக்கு மாதப்பா மலைக்குப் போய் வந்தோம். உன் பேருக்கும் ஒரு தேங்காய் உடைத்தேன், முற்றலாக இருந்தது. உங்க அண்ணனைத் திட்டவில்லை, ஒரு வாரம் மைசூர்பாகு கண்ணில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கிராம சபை கூடிய கதையைக் கேள். புது மேஜைக்குப் பின்னால் மல்லம்மா. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உங்க சுதர்ஷன், வக்கீல் ஒருவரோடு. ஊர் முழுக்கத் தரையில். நான் எழுந்து நிபந்தனையைச் சொன்னேன்: புகாரை முதலில் வாபஸ் வாங்க வேண்டும். ஆட்டுக்கரட்டில் ஓடுகிற வண்டி முளை அடிக்கக் கூடாது. "இங்கேயும் கூடாது, அது போய்ச் சேருற நிலாவிலயும் கூடாது" என்றேன்.

அப்புறம் லிங்கப்பன் மாமா எழுந்து, "நிலா நம்ம பஞ்சாயத்துல எப்ப சேந்துச்சு?" என்று கேட்டார். கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொன்னேன், "நம்ம பஞ்சாயத்துல இல்லீங்க மாமா. ஆனா இவங்க கம்பெனிலயும் இல்லை. நம்ம குழியில பழகின வண்டி நம்ம ஊர் வழக்கத்தோட போகோணும், அவ்வளவுதான் கேக்கறேன். பொண்ணைக் கட்டிக் குடுத்தா நாலு வார்த்தை சொல்லி அனுப்பறதில்லையா?"

"அது சரிதான்" என்று முதலில் கை தூக்கியது அந்த லிங்கப்பன் மாமாவேதான். அப்புறம் எல்லாக் கையும் உயர்ந்தன. மல்லம்மா தீர்மானத்தை எழுதி நீட்டினாள். உங்க சுதர்ஷன் வக்கீலைப் பார்த்துக் கண்ணடித்ததை நான் பார்த்தேன். பைத்தியக்கார ஊர் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், சீலும் குத்தினார். மேஜையில் கை ஊன்றினதற்கு மல்லம்மாவிடம் திட்டும் வாங்கினார். மறுநாளே புகாரும் போய்விட்டது.

வண்டியைக் கொண்டு வா. இந்த முறை மேலே வந்து எங்களோடு நில்.

அண்ணி

*

மைசூரு
18 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நிஜமாகவே. ரொம்ப நாளைக்கப்புறம் காலை எட்டு மணி வரைக்கும் தூங்கினேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்ச்சில் சோதனை முடிந்ததும் அறிக்கை எழுதியது நான். எந்த இடத்தில், யாருடைய அனுமதியில், என்ன நிபந்தனையில் சோதித்தோம் என்று அதில் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அது கட்டாயம். எல்லாரும் அனுமதிக் காகிதத்தை அப்படியே இணைத்துவிடுவார்கள். நானும் இணைத்தேன். ராமாபுரம் கிராம சபைத் தீர்மானம், இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு, சுதர்ஷன் கையெழுத்தும் சீலும் தெரிகிற மாதிரி.

கலத்துக்காரர்கள் அதைப் படித்திருக்கிறார்கள், அண்ணி! அந்தப் பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் எங்கள் கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். அங்கிருந்து கேள்வி வந்தது: "நிலாவில் முளை அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் வண்டியில் முளை அடிக்கும் கை இருக்கிறதே? நிபந்தனையை மீறினால் இந்தச் சோதனை செல்லுமா?"

சுதர்ஷன் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தீர்மானம் தவறுதலாக இணைக்கப்பட்டது, அதற்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னார். எனக்கு உடனே ஸ்டேஷன் பெஞ்சு ஞாபகம் வந்தது. உங்களிடமும் ரெண்டு வரிதானே கேட்டார்கள்?

"தவறுதலாக இல்லை ஸார், தெரிந்தேதான் இணைத்தேன்" என்றேன். "அது ஒரு கிராமத்து விளையாட்டு" என்றார். "விளையாட்டு என்றால் நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "வேலை வேண்டுமா, வேண்டாமா?" என்றார். "முளை வேண்டாம்" என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது.

மறு சோதனைக்கு நாள் இல்லை. கையைக் கழற்றினால்தான் வண்டியை ஏற்றுவோம் என்று கலத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கழற்றியது நான்தான். நான் வரைந்த கை, வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றும்போது அழுகை வந்தது, மூன்று வருஷ உழைப்பு. ஆனால் என் கை நிற்கவில்லை. அந்த எடை மிச்சமானதில் பனிக்கட்டியை மோப்பம் பிடிக்கிற கருவி இன்னொன்று ஏறியிருக்கிறது. வண்டி பார்க்கும், தேடும், கண்டதைச் சொல்லும். அது போன இடத்தில் சக்கரத் தடம் தவிர வேறெதுவும் இருக்காது.

பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றிய அன்றே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்று லாரி திரும்பும் வரைக்கும் பார்த்தேன். வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்து என்ன என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதைவிட இது மேல்.

அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பிரதிபா

*

ராமாபுரம்
1 ஜூன் 2025

அம்மிணி பிரதிபாவுக்கு,

வேலை போச்சா? போகட்டும். வேலைதான் போனது, கை போகவில்லை. சக்கரம் செய்யத் தெரிந்தவளுக்கு இந்த உலகத்தில் வேலையா இல்லை? உங்க அண்ணனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். "எல்லாம் நீ பழக்கின பழக்கம்" என்றார். அப்புறம் அவரே கடைக்குப் போய் ஊருக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கி வந்து, என் நாத்தனார்... இல்லை, அவர் தங்கச்சி கதையை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். இப்போது ராமாபுரத்தில் நிலா நமக்குச் சொந்தம் என்றே சில பேர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை, யாருக்கும் சொந்தம் இல்லை, அதுக்குத்தான் இத்தனை பாடு என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இன்னொரு சங்கதி. நேற்று கரட்டுக்கு வடக்கே மூன்று பேர் வந்தார்கள். யார் என்று சொல்லவில்லை. "சும்மா அளந்து பாக்கறோம்மா" என்றார்கள். வெயில் கடுமை, மோர் கேட்டார்கள். கொடுத்தேன். தாகம் என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. குடித்துவிட்டு, வரிசையாக முளை அடித்து மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த முறை யாரும் ஆட்டை அதில் கட்டவில்லை. பூவாத்தாள் அப்போதே பிடுங்கப் போனாள். லிங்கப்பன் மாமா தடியோடு கிளம்பினார். எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வா. முழங்கால் பரவாயில்லை, கரடு ஏறுவேன். மோர் கரைத்து வைக்கிறேன்.

முதல் முளை உனக்கு.

உன் அண்ணி
நிர்மலா